எக்செல் சார்ட்டின் தலைப்பில் தேதி தானாக மாறவேண்டும், என்ன வழி?

கடைமடைக்காரன்:

வணக்கம் எல்லோருக்கும். எக்செல்லில் நான் பெரிய ஆள் இல்லை, தேவைப்பட்டபோது தேவைப்பட்டதை மட்டும் கற்றுக்கொண்டவன். எங்கள் ஊர் காவிரிப் பாசனத்தில் கடைமடை. தண்ணீர் திறந்தால் கடைசியாக வந்து சேரும் இடம் என்பதால் மேட்டூரில் எத்தனை அடி இருக்கிறது என்பதுதான் காலையில் முதல் பேச்சு. தினமும் அன்றைய நீர்மட்டத்தை ஒரு ஷீட்டில் ஏற்றி, அதிலிருந்து வரும் சார்ட்டைப் படமாக்கி ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். யாரும் கேட்டுச் செய்ததில்லை, நானாக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை.

ஏ நெடுவரிசையில் தேதி, பி-யில் நீர்மட்டம் அடிக்கணக்கில், சி-யில் இருப்பு டிஎம்சி-யில், டி-யில் நீர்வரத்து, அதற்கடுத்து வெளியேற்றம். சார்ட் கோடு தானாக நீள்கிறது, அதில் குறையில்லை. தலைப்புதான் தலைவலி. "மேட்டூர் அணை நீர்மட்டம், இன்ன தேதி, இத்தனை அடி" என்று தினமும் கையால் திருத்துகிறேன். போன வாரம் இரண்டு நாள் மறந்துவிட்டேன். கோடு புதிது, தலைப்பில் தேதியும் அடியும் பழசு. அதைப் பார்த்துவிட்டு அடுத்த ஊர்க்காரர் ஒருவர் "என்ன தம்பி, வரத்து வருதுங்கிறாங்க, உன் படத்துல ஒரு அங்குலம்கூட ஏறலயே" என்று போன் போட்டுக் கேட்டார். அதற்குள் அந்தப் படம் நாலைந்து குழுக்களுக்குப் போயிருந்தது.

எச்1 செல்லில் தேதியை எழுதிவிட்டு, சார்ட் தலைப்புக்குள் இரண்டு தடவை கிளிக் செய்து சமக்குறி போட்டு எச்1 என்று அடித்தேன். அடித்தது அடித்தபடியே தலைப்பாக நிற்கிறது, செல்லில் இருப்பது வரவில்லை. எக்செல் 2016, விண்டோஸ். மேக்ரோ எல்லாம் தெரியாது. வழி இருக்கிறதா?

கணக்குப்பிள்ளை:

இருக்கிறது, மேக்ரோ தேவையில்லை. நீங்கள் செய்ததில் பாதி சரி, இடம்தான் தப்பு.

தலைப்பை ஒரே ஒரு தடவை கிளிக் செய்யுங்கள். சுற்றிலும் கட்டம் தெரியவேண்டும், உள்ளே கர்சர் மின்னக்கூடாது. கர்சர் மின்னினால் நீங்கள் எழுத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம், அப்போது எதை அடித்தாலும் வெறும் எழுத்தாகத்தான் எடுத்துக்கொள்ளும். கட்டம் மட்டும் இருக்கும்போது மேலே ஃபார்முலா பாரில் கிளிக் செய்து, சமக்குறி ஒன்று போட்டு, பிறகு கையால் எதுவும் அடிக்காமல் எச்1 செல்லை மவுஸால் தொடுங்கள், என்டர் தட்டுங்கள். முடிந்தது.

கையால் அடிக்காதீர்கள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. சாதாரண செல்லில் எச்1 என்றால் அதே ஷீட்டின் எச்1 என்று எக்செல் புரிந்துகொள்ளும், சார்ட் தலைப்பில் அப்படிப் புரிந்துகொள்ளாது, ஷீட்டின் பெயரும் ஆச்சரியக்குறியும் முன்னால் வேண்டும். ஷீட் பெயருக்குள் இடைவெளி இருந்தால் அதை ஒற்றை மேற்கோளுக்குள் வேறு வைக்கவேண்டும். மவுஸால் தொட்டால் இதையெல்லாம் அதுவே போட்டுக்கொள்ளும்.

கடைமடைக்காரன்:

வந்தது! நன்றி அண்ணே. ஆனால் அடுத்த படியிலேயே சறுக்கிவிட்டேன். தலைப்பு முழுவதும் ஒரே செல்லில் இல்லை அல்லவா, அதனால் ஃபார்முலா பாரிலேயே சமக்குறி போட்டு, மேற்கோளுக்குள் "மேட்டூர் அணை " என்று எழுதி, & போட்டு எச்1-ஐத் தொட்டேன். ஃபார்முலாவில் தவறு என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது. அதே ஃபார்முலாவை ஒரு செல்லில் போட்டால் ஏற்றுக்கொள்கிறது, ஆனால் அங்கே தேதிக்குப் பதில் 45455 என்று வருகிறது. செல்லில் 12 ஜூன் 2024 என்றுதான் இருக்கிறது. (பழைய தேதி ஒன்றை வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தேன், குறுவைக்கு வழக்கமாகத் திறக்கிற நாள் என்பதால் கை அதையே அடித்தது.)

கணக்குப்பிள்ளை:

இரண்டும் எல்லோரும் ஒரு தடவை இடிக்கிற நிலைப்படிதான்.

முதலாவது: சார்ட் தலைப்புக்குக் கணக்குப் போடத் தெரியாது. ஒரு செல்லின் முகவரியைக் கொடுத்தால் அங்கே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்துக் காட்டும், அவ்வளவுதான் அதன் படிப்பு. ஒட்டுவது, கூட்டுவது, ஒப்பிடுவது எதுவும் அங்கே நடக்காது. அதனால் சமையல் முழுவதையும் ஒரு செல்லில் வைத்துக்கொள்ளுங்கள், தலைப்பை அந்தச் செல்லோடு இணையுங்கள்.

இரண்டாவது: எக்செல்லுக்குத் தேதி என்பது ஒரு எண். 1900 ஜனவரி 1-ஐ 1 என்று வைத்து எண்ணிக்கொண்டு வருகிறது, 12 ஜூன் 2024 அந்த எண்ணிக்கையில் 45455. நமக்குத் தேதியாகத் தெரிவது செல்லுக்குப் போட்ட சட்டை. & போட்டு ஒட்டும்போது சட்டையைக் கழற்றிவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறது. நீர்மட்டத்திலும் இதே கூத்து நடக்கும், செல்லில் 97.50 என்று தெரிவது ஒட்டியபின் 97.5 ஆகிவிடும். (தலைப்பை அந்தத் தேதிச் செல்லோடு நேரடியாக இணைத்தால் சட்டையோடு வரும், ஒட்டும்போதுதான் இந்தத் தொல்லை.)

மருந்து டெக்ஸ்ட் ஃபங்க்ஷன். இங்கே தமிழ் விசைப்பலகையில் அடிக்கிறேன், அதனால் ஃபார்முலாவைத் தமிழ் எழுத்தில் தருகிறேன், எக்செல்லில் ஃபங்க்ஷன் பெயரையும் செல் பெயரையும் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்:

="மேட்டூர் அணை நீர்மட்டம்: "&டெக்ஸ்ட்(எச்3,"0.00")&" அடி, "&டெக்ஸ்ட்(எச்2,"தேதி வடிவம்")

தேதி வடிவம் என்ற இடத்தில் ஆங்கில டி ஒன்று, இடைவெளி, எம் நான்கு, இடைவெளி, ஒய் நான்கு. மாதம் ஆங்கிலத்தில் வந்தால் அந்த வடிவத்துக்கு முன்னால், மேற்கோளுக்கு உள்ளேயே, [$-449] என்று சேர்த்துப் பாருங்கள். 449 என்பது இந்தியத் தமிழுக்கான மொழி எண், "ஜூன்" என்று தமிழிலேயே வரும். பலருக்கும் இது தெரியாமல் பன்னிரண்டு மாதத்துக்கும் தனியாக ஒரு பட்டியல் போட்டுத் தேடிக்கொண்டிருப்பார்கள், நானும் இரண்டு வருடம் அப்படித்தான் ஓட்டினேன்.

எச்2, எச்3 என்று எழுதியிருக்கிறேன், எச்1-ல் வேறு ஒன்று வைக்கப்போகிறோம். ஒரு டீ குடித்துவிட்டு வந்து அதை எழுதுகிறேன்.

அவசரக்குடுக்கை:

இவ்வளவு எதற்கு? தேதிக்கு டுடே ஃபங்க்ஷன் போட்டுவிட்டால் தினமும் தானாக மாறும். ஒரு வரி வேலை.

கணக்குப்பிள்ளை:

அதைத்தான் போடவே கூடாது. அவருக்கு வந்த வம்பு என்ன என்று மேலே படித்தீர்களா? தலைப்பில் ஒரு தேதி, கோட்டில் வேறு தேதி. டுடே போட்டால் இன்றைக்கு எண் ஏற்றவில்லை என்றாலும் தலைப்பு "இன்று" என்றுதான் சொல்லும், நேற்றைய அளவை இன்றைய அளவாகக் காட்டும். கையால் மறந்தபோதாவது பழைய தேதியும் பழைய அளவும் ஜோடியாக இருந்தன. இது அதைவிட மோசம், பார்க்கிறவருக்குச் சந்தேகமே வராது. ஆறு மாதம் கழித்து அந்த ஃபைலைத் திறந்தால் அதுவும் அன்றைய தேதியைப் போட்டுக்கொண்டு சிரிக்கும். தேதி கடிகாரத்திலிருந்து வரக்கூடாது, தரவிலிருந்து வரவேண்டும்.

சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன். கடைசியாக ஏற்றிய வரிசை எது என்பதை முதலில் கண்டுபிடிக்கவேண்டும். எச்1-ல்:

=மேட்ச்(10^300,பி:பி)

10^300 என்பது எந்த அணையிலும் வராத ராட்சத எண். அதைத் தேடச் சொன்னால் கிடைக்காமல், பி நெடுவரிசையில் எண் இருக்கிற கடைசி இடத்தில் போய் நின்றுவிடும், அந்த வரிசை எண்ணைத் தரும். நடுவில் ஒன்றிரண்டு செல் காலியாக இருந்தாலும் பாதிக்காது. ஒன்று மட்டும், நீர்மட்டத்துக்குக் கீழே சராசரி, கூட்டல் என்று எதையும் அதே நெடுவரிசையில் வைக்காதீர்கள், அதைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். பிறகு,

எச்2: =இண்டெக்ஸ்(ஏ:ஏ,எச்1) — தேதி
எச்3: =இண்டெக்ஸ்(பி:பி,எச்1) — நீர்மட்டம்
எச்4: =எச்3-இண்டெக்ஸ்(பி:பி,எச்1-1) — முந்தைய நாளோடு வித்தியாசம்

தேதியையும் அளவையும் தனித்தனியாகக் "கடைசி" தேடாமல் ஒரே வரிசை எண்ணிலிருந்து இரண்டையும் எடுப்பதில் விஷயம் இருக்கிறது. காலையில் தேதியை மட்டும் அடித்துவிட்டு, அளவு இன்னும் வரவில்லை என்று நீங்கள் எழுந்து போனாலும், தலைப்பு நேற்றைய தேதியையும் நேற்றைய அளவையும்தான் காட்டும். பி-யில் எண் விழுந்த பிறகுதான் இரண்டும் சேர்ந்து நகரும்.

வித்தியாசத்தைத் தலைப்பில் சேர்க்க ஆசை என்றால் டெக்ஸ்ட்(எச்4,"+0.00;-0.00;0.00"). அரைப்புள்ளியால் பிரித்த மூன்று பங்கில் முதலாவது ஏறினால், இரண்டாவது இறங்கினால், மூன்றாவது அப்படியே இருந்தால். கூட்டல் குறியை நாம் இப்படிச் சொல்லாவிட்டால் எக்செல் தானாகப் போடாது.

மேட்டூருக்கு முழுக் கொள்ளளவு 120 அடி அல்லவா, இஃப் போட்டு எச்3 120-ஐத் தொட்டால் தலைப்பில் "அணை நிரம்பியது" என்று வரும்படிகூட வைக்கலாம். உங்கள் ஊர்க்காரர்கள் அந்தத் தலைப்பைப் படமாக்கிக் கும்பிடுவார்கள்.

மேக்ரோ மாமா:

நான் வழக்கமாக விபிஏ-வில் (எக்செல் மேக்ரோ எழுதுகிற மொழி) ஷீட்டின் சேஞ்ச் நிகழ்வில் இரண்டு வரி எழுதி, சார்ட் தலைப்பின் டெக்ஸ்டுக்கு செல்லின் மதிப்பைக் கொடுத்துவிடுவேன். பத்து வருடமாக ஓடுகிறது.

கணக்குப்பிள்ளை:

மாமா, ஓடும், மறுக்கவில்லை. ஆனால் இவருடைய தேவைக்கு அது ஆட்டைக் கட்ட யானைச் சங்கிலி. ஃபைலை மேக்ரோ வடிவத்தில் சேமிக்கவேண்டும், வேறு கணினியில் திறந்தால் மஞ்சள் பட்டை எச்சரிக்கை, மேக்ரோ ஓடியபின் அன்டூ போய்விடும். அதைவிட முக்கியம், சேஞ்ச் நிகழ்வு கையால் செல்லை மாற்றினால்தான் கிளம்பும். ஃபார்முலாவின் விடை மாறினால் கிளம்பாது, அதற்குக் கால்குலேட் நிகழ்வைப் பிடிக்கவேண்டும். இவருடைய எச்2, எச்3 எல்லாமே ஃபார்முலா.

மேக்ரோ மாமா:

சரி, ஒத்துக்கொள்கிறேன். என் ஷீட்டில் எல்லாம் கையால் அடிக்கிற எண், அதனால் இதுவரை மாட்டவில்லை. ஆனால் ஒரு இடத்தில் மேக்ரோவை விட்டால் கதி இல்லை: சார்ட்டின் அச்சுக்கு (ஆக்சிஸ்) உள்ள குறைந்த அளவையும் உச்ச அளவையும் செல்லோடு இணைக்க எக்செல்லில் வழியே கிடையாது. அச்சுத் தலைப்பை இணைக்கலாம், அச்சின் எல்லையை முடியாது. அதற்குத்தான் முதலில் எழுதினேன், கூடவே தலைப்பையும் அதிலேயே தள்ளிவிட்டேன். கடைமடைக்காரருக்கு எல்லை எப்போதும் 0-விலிருந்து 120 என்பதால் ஒரு தடவை கையால் வைத்துவிட்டால் போதும்.

தட்டச்சுக்காரி:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், நான் இலங்கையிலிருந்து. எங்களிடம் காலபோகம், சிறுபோகம் என்று பிரித்த நெல் விளைச்சல் கணக்கு ஒன்று இருக்கிறது. செல்லில் ஒரு டிராப்டவுன் வைத்து, எதைத் தெரிவு செய்கிறோமோ அதற்கேற்றபடி வரைபடமும் தலைப்பும் மாறவேண்டும் என்று நீங்கள் சொன்னதுபோல் இணைத்தேன். செல்லில் அழகான தமிழ், தலைப்பில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை. என்ன பிழை விட்டேன் என்று விளங்கவில்லை.

கணக்குப்பிள்ளை:

அந்தச் செல்லின் எழுத்துரு பாமினியா?

தட்டச்சுக்காரி:

ஓம், பாமினிதான். பழைய கோப்பு, எனக்கு முன்பிருந்தவர் தட்டச்சு செய்தது.

கணக்குப்பிள்ளை:

அதுதான். நீங்கள் பிழை எதுவும் விடவில்லை. பாமினியில் உள்ளே சேமிக்கப்பட்டிருப்பது ஆங்கில எழுத்துகளே, எழுத்துருதான் அவற்றைத் தமிழ் மாதிரி வரைந்து காட்டுகிறது, நீங்கள் தலைப்பில் பார்த்த அரைப்புள்ளி எல்லாம் புள்ளி வைத்த எழுத்துகளின் புள்ளி. தலைப்பை இணைக்கும்போது செல்லின் எழுத்துகள் மட்டும் வரும். எழுத்துரு, நிறம், தடிமன் எதுவும் வராது, தலைப்புக்கு அதற்கென்று தனியாக வைத்ததுதான். எங்கள் பக்கத்துப் பழைய அலுவலக ஃபைல்களிலும் வேறு பெயருள்ள எழுத்துருக்களில் இதே கதைதான்.

தலைப்பைத் தேர்ந்து எழுத்துருவைப் பாமினி ஆக்கினால் இன்றைக்குத் தமிழாகத் தெரியும். ஆனால் ஃபார்முலாவில் நீங்கள் யூனிகோடில் ஒரு சொல்லை ஒட்டினால் மறுபடி சிக்கல். செல்லோடு இணைத்த தலைப்பு முழுவதுக்கும் ஒரே எழுத்துரு, ஒரே அமைப்புதான், பாதிக்கு ஒன்று மீதிக்கு ஒன்று என்று வைக்கமுடியாது. அந்த நெடுவரிசையை ஒரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிவிடுங்கள், ஒரு மதியம் போகும், போகட்டும். அந்த டிராப்டவுன் பட்டியலையும் சேர்த்து மாற்ற மறந்துவிடாதீர்கள், இல்லாவிட்டால் தெரிவு செய்தது பாமினியிலும் தேடுகிற இடம் யூனிகோடிலும் இருந்து ஒன்றுமே பொருந்தாது.

தட்டச்சுக்காரி:

மிக்க நன்றி. மாற்றிவிட்டுச் சொல்கிறேன். இந்தக் கோப்பில் 14 தாள்கள் இருக்கின்றன என்பதை நினைத்தால்தான் கை வலிக்கிறது.

மொட்டைமாடி:

கூகுள் ஷீட்ஸில் இதே வேலையைச் செய்யப் பார்த்தேன், தலைப்புப் பெட்டியில் சமக்குறி போட்டால் அதையே எழுதிக்கொண்டு நிற்கிறது. ஃபார்முலா பாரும் இல்லை.

கணக்குப்பிள்ளை:

கூகுள் ஷீட்ஸில் தலைப்பைச் செல்லோடு இணைக்க அதன் மெனுவில் வழி வைக்கவில்லை, நீங்கள் தேடித் தோற்கவில்லை. என் யோசனை: தலைப்பை ஒழித்துவிடுங்கள். சார்ட்டின் தலைப்பைக் காலியாக்கி, சார்ட்டுக்கு நேர் மேலே உள்ள செல்களை மெர்ஜ் செய்து, பெரிய எழுத்தில் அந்த ஒட்டு ஃபார்முலாவை அங்கேயே போடுங்கள். பார்க்கிறவருக்கு அதுவே தலைப்பு. ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலும் சேர்ந்து வரும். சார்ட்டை மட்டும் தனியாகப் படமாக இறக்கினால்தான் மேலே இருப்பது விட்டுப்போகும்.

மேக்ரோ மாமா:

அது விட்டுப்போகக்கூடாது என்றால் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் இருக்கிறது, கூகுள் ஷீட்ஸின் மேக்ரோ மாதிரி. ஷீட்டில் உள்ள சார்ட்டுகளை கெட்சார்ட்ஸ் என்று வாங்கி, முதலாவதை மாடிஃபை செய்து, செட்ஆப்ஷனில் டைட்டிலுக்குச் செல்லின் மதிப்பைக் கொடுத்து, பில்ட் செய்து, கடைசியில் அப்டேட்சார்ட் என்று திருப்பி வைக்கவேண்டும். ஆன்எடிட் என்று பெயர் வைத்தால் யாராவது செல்லைத் திருத்தும்போதெல்லாம் ஓடும். இங்கேயும் அதே வியாதி, ஃபார்முலா விடை தானாக மாறியதற்கு ஆன்எடிட் எழுந்திருக்காது. ஆனால் கடைமடைக்காரர் மாதிரி கையால் எண் ஏற்றுகிறவருக்கு அந்த ஏற்றுகிற தட்டலே போதும், ஸ்கிரிப்ட் கிளம்பிவிடும். வேறு சொல்லவேண்டுமென்றால் இதில் எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லிக்கொள்ள ஒரு வாய்ப்பு.

பென்குவின்:

லிப்ரே ஆபீஸ் கால்க்கில் இருப்பவர்களுக்கும் ஒரு வரி. இணைப்பு வசதி அங்கேயும் இல்லை. ஷீட் டேபில் வலது கிளிக் செய்தால் ஷீட் ஈவென்ட்ஸ் என்று வரும், அதில் உள்ளடக்கம் மாறும்போது ஒரு சின்ன பேசிக் மேக்ரோ ஓடும்படி வைத்து, சார்ட்டின் டைட்டிலுக்குச் செல்லின் எழுத்தை மாற்றித் தரலாம். நான் அந்த வம்புக்கே போகவில்லை, மேலே சொன்ன மாதிரி செல்லையே தலைப்பாக்கிவிட்டேன்.

கடைமடைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி, மூன்று நாளாகத் தலைப்பைத் தொடவே இல்லை, தானாக ஓடுகிறது. நேற்று வேண்டுமென்றே தேதியை மட்டும் அடித்துவிட்டுப் பார்த்தேன், கணக்குப்பிள்ளை அண்ணன் சொன்னதுபோல் பழைய தேதியோடு அசையாமல் நின்றது, அளவை அடித்ததும் நகர்ந்தது.

இன்னும் மூன்று கேள்வி, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒன்று, அடி எண்ணை மட்டும் சிவப்பாகப் பெரிதாகக் காட்டமுடியுமா? இரண்டு, பவானிசாகருக்கும் ஒன்று கேட்டார்கள் (அங்கே எங்கள் மாமனார் வீடு, மறுக்கமுடியாது), மேட்டூர் சார்ட்டை நகலெடுத்து வேறு ஷீட்டில் ஒட்டினேன், தரவை மாற்றிய பிறகும் தலைப்பு மேட்டூர் என்றே வருகிறது. மூன்று, இருப்பு, வரத்து, வெளியேற்றம், போன வருடம் இதே நாள் என்று தலைப்பில் ஆசையாகச் சேர்த்துக்கொண்டே போனேன், கடைசிப் பகுதி வெட்டுப்படுகிறது.

கணக்குப்பிள்ளை:

ஒன்று: இணைத்த தலைப்பில் ஒரு சொல்லை மட்டும் சிவப்பாக்க முடியாது, மேலே தட்டச்சுக்காரிக்குச் சொன்ன அதே காரணம். சார்ட்டைத் தேர்ந்துகொண்டு அதற்குள்ளேயே ஒரு டெக்ஸ்ட் பாக்ஸ் செருகி, அதன் ஓரத்தைத் தொட்டுத் தேர்ந்தபடி ஃபார்முலா பாரில் சமக்குறி போட்டு இன்னொரு செல்லைத் தொடுங்கள். அந்தச் செல்லில் டெக்ஸ்ட்(எச்3,"0.00") மட்டும் இருக்கட்டும். பெட்டிக்குச் சிவப்பு, பெரிய எழுத்து. சார்ட்டைத் தேர்ந்துகொண்டு செருகினால்தான் அது சார்ட்டின் அங்கமாகி, படமாகச் சேமிக்கும்போது கூடவே வரும். வெளியே செருகினால் ஷீட்டிலேயே தங்கிவிடும்.

இரண்டு: சார்ட்டை மட்டும் நகலெடுத்தால் அதன் எல்லா இணைப்பும் பழைய ஷீட்டையே பார்க்கும். தரவை நீங்கள் மாற்றிவிட்டீர்கள், தலைப்பின் இணைப்பை மாற்றவில்லை. தலைப்பைத் தொட்டு ஃபார்முலா பாரில் பாருங்கள், மேட்டூர் ஷீட்டின் பெயர் உட்கார்ந்திருக்கும், அதை அழித்துவிட்டுப் புதிய ஷீட்டின் செல்லைத் தொடுங்கள். மூன்றாவது அணை கேட்டு யாராவது வந்தால் (வருவார்கள்) சார்ட்டை நகலெடுக்காதீர்கள், கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு ஷீட் டேபை இழுத்து முழு ஷீட்டையும் நகலெடுங்கள், சார்ட் புதிய ஷீட்டின் தரவையே பார்க்கும். அப்போதும் தலைப்பை ஒரு தடவை தொட்டு ஃபார்முலா பாரில் சரிபார்த்துவிடுங்கள். அணையின் பெயரை ஃபார்முலாவுக்குள் எழுதாமல் ஒரு செல்லில் வைத்துக்கொண்டால் அதை மட்டும் மாற்றினால் போதும். நிரம்பியது என்று காட்டுவதற்கான அளவும் அப்படியே, பவானிசாகருக்கு 105 அடி, 120 அங்கே ஒருநாளும் வராது.

மூன்று: இணைத்த தலைப்பு 255 எழுத்துக்குறிக்கு மேல் காட்டாது. தமிழில் இது நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் தீர்ந்துவிடும். "மேட்டூர்" என்பது நமக்கு நான்கு எழுத்து, லென் ஃபங்க்ஷனில் போட்டுப் பாருங்கள், 8 என்று சொல்லும். கொம்பு, புள்ளி, சுழி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். சுருக்குங்கள், அல்லது இருப்பையும் வரத்தையும் இன்னொரு டெக்ஸ்ட் பாக்ஸுக்குத் தள்ளுங்கள். தலைப்பை இரண்டு வரியாக்க ஃபார்முலாவுக்கு நடுவில் &சார்(10)& சேருங்கள், அங்கே மடங்கிவிடும். ஆங்கிலத்தில் சி, எச், ஏ, ஆர் என்று அடிக்கவேண்டும்.

என்னைக் கேட்டால் போன வருடம் இதே நாள் என்பதைத் தலைப்பில் வைக்கவே வேண்டாம், அதை இரண்டாவது கோடாகப் போடுங்கள், கண்ணுக்கே தெரியும்.

கடைமடைக்காரன்:

இரண்டாவது கோடு போட்டுவிட்டேன். தலைப்பு இப்போது இரண்டே வரி, மேலே அணையும் தேதியும், கீழே ஏற்ற இறக்கம். சிவப்பு எண்ணும் வந்துவிட்டது. அந்த அடுத்த ஊர்க்காரர் இன்று காலை மறுபடி கூப்பிட்டார், என்னவோ என்று எடுத்தால், எழுத்து இன்னும் கொஞ்சம் பெரிசா போடு தம்பி, கண்ணாடி போட்டாத்தான் தெரியுது என்கிறார்.